கண்ணி தவறாத வட்டம்
புதிதாகப் பழகுவோருக்கு ஒரு பின்னல் விரிப்பு

விருந்தினருக்குத் தேநீர் கொண்டுவரும் தட்டில், வீட்டுப் பெண்ணின் கையால் பின்னிய வெண்ணிற வட்ட விரிப்பொன்று கிடந்தால் அதன் அழகே தனி. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் நமது கரையோர ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்துவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்புது வீட்டின் மேசைக்கு மகள் தானே பின்னிய விரிப்பைக் காட்டிலும் ஏற்ற அணி வேறு எது? மருதமுனைக் கைத்தறியால் பெயர் பெற்ற இப்பகுதிக்கு நூல் வேலை புதியதன்று. தறிக்கு இடமும் முதலும் வேண்டும். இதற்கோ ஒரு நூற்பந்தும் ஒரு கொக்கியூசியும் போதும்.

குரோசே என வழங்கும் இக்கலையின் பெயர், சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இவ்விரிப்பை டோய்லி என்பர். 17ஆம் நூற்றாண்டில் இலண்டனில் துணி வணிகம் செய்த ஒருவரின் பெயரே அது. காலிப் பகுதியில் பல கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரளு வேலையுடன் இதனை மயங்கலாகாது. அங்கே பல நூல்கள். இங்கே ஒரே நூல், ஒரே ஊசி.

வேண்டிய பொருள்கள்

பளபளப்பேற்றிய பருத்தி நூல் 10ஆம் இலக்கம் ஒரு பந்து, 1.75 மில்லிமீற்றர் கொக்கியூசி ஒன்று, கத்தரிக்கோல், நூல் முனையை மறைக்க ஒரு தையலூசி. நூலின் இலக்கம் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவிற்கொள்க. 40ஆம் இலக்க நூலில் தொடங்குவோர் கண்ணியைக் காணமாட்டாது சலித்துவிடுவர். உப்புக்காற்று வீசும் நமது கரையில் உருக்கு ஊசி எளிதில் துருப்பிடிக்கும். துருக்கறை வெள்ளை நூலில் படிந்தால் நீக்குவது கடினம். ஆதலின் வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றிவைத்தல் நலம்.

மூன்று கண்ணிகள்

முதலாவது சங்கிலிக் கண்ணி. நூலில் இறுகும் முடிச்சொன்றிட்டு ஊசியில் மாட்டி, நூலைக் கொக்கியிற் கொளுவி, முடிச்சின் வளையத்தினூடே இழுத்தால் ஒரு சங்கிலி.

இரண்டாவது இணைப்புக் கண்ணி. ஊசியை ஒரு கண்ணியிற் செருகி, நூலைக் கொளுவி, அக்கண்ணியினூடும் ஊசியிலுள்ள வளையத்தினூடும் ஒருங்கே இழுத்துவிடுவது.

மூன்றாவது நெடுங்கண்ணி. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, கண்ணியிற் செருகி நூலை வெளியே இழுங்கள். ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலைக் கொளுவி இரண்டு வளையங்களினூடே இழுங்கள். மீண்டும் கொளுவி எஞ்சிய இரண்டினூடே இழுங்கள். பிரித்தானிய மாதிரி நூல்கள் இதனை ட்ரெபிள் என்னும். அமெரிக்க நூல்கள் இதனையே டபிள் குரோசே என்னும். இவ்வேறுபாடு அறியாது மாதிரி பார்ப்போர் இடர்ப்படுவர்.

பின்னும் முறை

ஆறு சங்கிலி பின்னி, முதற் சங்கிலியில் இணைப்புக் கண்ணியிட்டு வளையமாக்குங்கள்.

முதற் சுற்று: மூன்று சங்கிலி பின்னுங்கள்; இது ஒரு நெடுங்கண்ணிக்குச் சமம். வளையத்தினுள் மேலும் 11 நெடுங்கண்ணி பின்னி, தொடக்கத்து மூன்றாம் சங்கிலியின் தலையில் இணையுங்கள். மொத்தம் 12. ஒவ்வொரு சுற்றையும் இவ்வாறே மூன்று சங்கிலியில் தொடங்கி, அதன் தலையில் இணைத்து முடிக்கவேண்டும்.

இரண்டாம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு நெடுங்கண்ணி. தொடக்கத்துச் சங்கிலியின் அடியிலும் மற்றொன்று பின்ன மறவாதீர்கள். மொத்தம் 24.

மூன்றாம் சுற்று: ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என மாறிமாறி. மொத்தம் 36.

நான்காம் சுற்று: இரு கண்ணிகளில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 48.

ஐந்தாம் சுற்று: மூன்று கண்ணிகளில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 60.

ஆறாம் சுற்று: நான்கு கண்ணிகளில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 72.

விளிம்பு: இரு கண்ணிகளை விட்டு, மூன்றாவதில் ஐந்து நெடுங்கண்ணி, மீண்டும் இரண்டை விட்டு, அடுத்ததில் ஓர் இணைப்புக் கண்ணி. இவ்வாறே சுற்றிவர 12 சிப்பிகள் மலரும். நூலை அறுத்து, முனையைத் தையலூசியால் பின்புறக் கண்ணிகளில் நுழைத்து மறையுங்கள்.

தேநீர்க் கோப்பையொன்றை வைக்குமளவு விரிப்பு இது. பெரிதாக வேண்டின், சுற்றுக்குப் 12 வீதம் கூட்டிக்கொண்டே சென்று எச்சுற்றிலும் விளிம்பு கட்டலாம். பின்னி முடித்ததை மென்மையாகக் கழுவி, சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, துணி விரித்த பலகையில் துருப்பிடியா ஊசிகளால் வட்டமாக இழுத்துக் குத்தி நிழலில் உலர்த்துங்கள்.

பன்னிரண்டு ஏன்?

மாணவியர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டும். வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரையைப்போல் ஏறக்குறைய 6.28 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஆரை ஒரு நெடுங்கண்ணியின் உயரமளவு வளர்கிறது. ஆகவே சுற்றளவு அவ்வுயரத்தின் 6.28 மடங்கு வளரவேண்டும். நெடுங்கண்ணியின் உயரமோ அதன் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே சுற்றுக்குச் சுமார் 12 கண்ணி கூடினால்தான் விரிப்புத் தட்டையாகக் கிடக்கும். கைக்குக் கை இறுக்கம் வேறுபடுவதால் ஒன்றிரண்டு கூடக் குறைய வேண்டியிருக்கலாம்.

கூட்டுவதைக் குறைத்தால் என்ன ஆகும்? விரிப்புக் கிண்ணமாகக் குவியும். அதுவும் வீணன்று. பள்ளிவாசலுக்குச் செல்வோர் அணியும் பின்னல் தொப்பி அவ்வாறுதான் உருவாகிறது. உச்சி வட்டம் தலைக்கு ஏற்ற அளவு வந்ததும், கண்ணி கூட்டாது அதே எண்ணிக்கையிற் பின்னினால் சுவர் எழும். விரிப்புக் கற்றவளுக்குத் தொப்பி தொலைவில் இல்லை.

அளவுக்கு மேற் கூட்டினாலோ விளிம்பு அலையலையாய்ச் சுருளும். அதனையும் ஓர் அறிஞர் பயன்படுத்தினார். லத்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், அதிபரவளைவுத் தளம் எனும் கடினமான கேத்திர கணிதக் கருத்தை விளக்குதற்கு இத்தகைய அலைப் பின்னல்களைச் செய்தார். கடதாசி மாதிரிகள் கிழிந்துபோக, நூல் மாதிரிகள் மாணவர் கையில் நிலைத்தன. அடுக்களைத் திண்ணையின் ஊசிவேலை பல்கலைக்கழகத்திலும் பாடமாயிற்று!

காலத்தையும் எண்ணுங்கள்

இவ்வேலை பஞ்சம் போக்கியதுமுண்டு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று மக்கள் பட்டினியால் மாண்டபோது, ஏழைக் குடும்பத்துப் பெண்கள் குரோசே சரிகைகளைப் பின்னி விற்றுத் தம் வீட்டாரைக் காத்தனர். கோதாவரிக் கரையிலுள்ள ஆந்திர ஊராகிய நரசாப்பூரிலும் இப்பின்னல் பெருந்தொழிலாய் வளர்ந்தது. ஆயின் அங்கு நிகழ்ந்தது வேறு. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அவ்வூரை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் சரிகையை நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்கள், தொழிலாளராகவே கருதப்படவில்லை. ‘வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்திற் செய்வது’ என்று சொல்லி மிகக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது. ஊதியம் வணிகர் கைக்குச் சென்றது.

இந்தப் பாடம் நமக்கும் உரியது. அன்புக்காகப் பின்னிக் கொடுப்பதற்கு விலையில்லை, அது வேறு. விற்பதற்குப் பின்னும்போது, நூலின் விலையுடன் பின்னிய மணி நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். முதல் விரிப்புக்கு எத்தனை மணி, பத்தாவதற்கு எத்தனை மணி என்று பார்த்தால் கையின் தேர்ச்சியும் விளங்கும். கேட்கவேண்டிய விலையும் விளங்கும். கண்ணியைப் பிழையின்றி எண்ணும் பெண்ணுக்குத் தன் உழைப்பின் பெறுமதியை எண்ணுவது கடினமன்று.

முதல் விரிப்புக் கோணினாலும் மனந்தளரவேண்டாம். பிரித்தால் நூல் முழுதும் மீண்டும் கைக்கு வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பாருங்கள்: 12, 24, 36. தவறு எங்கே நேர்ந்ததென்று அந்த எண்ணே காட்டும்; அதுவரை பிரித்து, அங்கிருந்து மீண்டும் பின்னுங்கள்.