படித்த பிரியாவும் பார்த்த பிரியாவும்

கோலார் தங்கவயலில் எங்கள் வீட்டில் தமிழ் வளர்ந்தது தொடர்கதைகளால்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராயிருந்த சுஜாதாவின் 'பிரியா'வை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவள் என் தங்கை. எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் 1978-இல் வெளிவந்த படத்துக்குக் குடும்பத்தோடு போனோம்.

லண்டன் கதை சிங்கப்பூருக்கு மாறியிருந்தது. அது போகட்டும். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், வக்கீல் கணேஷின் மூளைதான் கதைக்கு எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு ரஜினிகாந்தைப் பாட்டுக்கும் சண்டைக்கும் விட்டுவிட்டார்கள். இளையராஜா இசையில் குறையில்லை. அம்பரீஷைப் பார்த்ததில் கன்னட நண்பர்களுக்கும் மகிழ்ச்சி. தங்கை மட்டும் முகம் வாடித் திரும்பி, பைண்டுப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

இன்று அவள் பேரப்பிள்ளைகளுக்குப் படம் புரிகிறது. தமிழ் எழுத்து தெரியவில்லை. புத்தகம் என்னிடம் பத்திரமாயிருக்கிறது. அன்பர்கள் பிள்ளைகளை ஞாயிறன்று அனுப்பினால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தருகிறேன்.