உஷார்! லேக் மார்க்கெட் சிக்னலை நம்பி மலை ஏறாதீர்கள்

பூஜை லீவு நெருங்குகிறது. லேக் மார்க்கெட் பக்கம் பாதி வீடுகளில் டார்ஜிலிங், சிக்கிம், காஷ்மீர் என்று டிக்கெட் போட்டாயிற்று. ஸ்வெட்டர், மாத்திரை, புளிக்காய்ச்சல் எல்லாம் பையில் ஏறிவிடும். சிம் கார்டைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?

ராஷ் பிஹாரி அவென்யூவில் டவர் முழுசாகக் காட்டுவதை வைத்துக் கம்பெனியை எடை போடாதீர்கள். தொலைத்தொடர்புக் கணக்கில் கொல்கத்தா தனி வட்டம். மேற்கு வங்கத்தின் மற்ற பகுதிகள் வேறு வட்டம். சிக்கிமும் அந்தமானும் அதில்தான் சேர்த்தி. அலைக்கற்றை ஏலம் போவதும் வட்டவாரியாகத்தான். இங்கே பறக்கிற கம்பெனி அங்கே நொண்டலாம். 1995 ஜூலை 31 அன்று அப்போதைய முதல்வர் ஜோதி பாசு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைப் பேசியது நம் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்துதான். பெருமைதான், ஆனால் அது சிக்கிமின் லாச்சுங்கில் டவர் தராது!

நம் வட்டத்தைத் தாண்டியதும் கொல்கத்தா சிம் ரோமிங்குக்குப் போய்விடும். போனில் டேட்டா ரோமிங் ஆஃப் ஆகியிருந்தால், டவர் இருந்தும் நெட் வராது. தனிக் காசு பிடிப்பார்கள் என்ற பழைய பயத்தில் அதை ஆஃப் செய்தே வைத்திருக்கும் பெரியவர்கள் நிறைய. இந்தியாவுக்குள் இன்றைய பிளான்களில் அந்தச் செலவு இல்லை. தைரியமாகப் போடுங்கள்.

காஷ்மீர் போகிறவர்களே, கவனம்! வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. எந்தக் கம்பெனியானாலும் சரி, எத்தனை ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் சரி. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

இச்சாமதி ஆற்றங்கரையில் டாக்கிக்குப் போகிறவர்களுக்கு வேறு வில்லங்கம். அக்கரை வங்கதேசம். போன் அந்த நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டால் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடும். சர்வதேச ரோமிங் போட்டிருந்தால் பில்லும் எகிறும். நெட்வொர்க்கை மேனுவலாக மாற்றி, நம் கம்பெனியைத் தேர்ந்து வையுங்கள்.

சரி, எந்த சிம் வாங்குவது? தெருவோரம் குடை போட்டு சிம் விற்பவரிடம் கேட்காதீர்கள். தன்னிடம் இருப்பதைத்தான் அவர் புகழ்வார். தங்கப்போகும் ஓட்டலுக்கே போன் போட்டு, ‘அறைக்குள் எது எடுக்கிறது?’ என்று கேளுங்கள். வண்டி ஓட்டுபவரிடம் வழியைப் பற்றி விசாரியுங்கள். கம்பெனிகளின் வலைதளத்தில் கவரேஜ் வரைபடமும் இருக்கிறது. அதைப் பாருங்கள், முழுசாக நம்பாதீர்கள். மலை மடிப்பு அதில் சரியாகத் தெரியாது. பயணத்துக்காக நம்பரை போர்ட் செய்வது வீண் வேலை. மாற மூன்று வேலை நாள், பிறகு 90 நாள் திரும்ப முடியாது. இரண்டாவது ஸ்லாட்டில் வேறு கம்பெனி சிம் போடுவதே புத்திசாலித்தனம். பாட்டியின் பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்த சிம்மும் கைகொடுக்காத நாளும் உண்டு. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தா பொங்கியபோது, லாச்சென், லாச்சுங்கில் சிக்கிய பயணிகளுக்கு வெளியுலகத் தொடர்பே அறுந்தது. வீட்டாரோடு அவர்களைப் பேச வைத்தது ராணுவம்.

எனவே ஓட்டல் நம்பர், டிரைவர் நம்பர், எந்த நாள் எந்த ஊர் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.