மூன்று தரம் சொன்ன பிறகு ஆள் வராவிட்டால்?

ஊர்க் கோயிலில் மாங்காய்க் குலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவதை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்றதும் எடுத்தவர் எதிரிலேயே நிற்பார். பணம் தராமல் நழுவினால் ஊர் சும்மா விடாது. இன்று கணினியில் நடக்கும் ஏலத்தில் எடுத்தவரின் முகமே நமக்குத் தெரியாது. மூன்றாம் தரமும் முடிந்த பின் அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் என்ன செய்வது? சென்ற ஆண்டு இங்கே சந்தாபுராவில் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என்னுடன் ரயில்வேயில் பணியாற்றி மறைந்த நண்பரின் துணைவியார் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அண்ணி என்றே அழைப்பேன். நண்பர் ஆசையாக வாங்கி வைத்திருந்த தஞ்சாவூர் வீணை பத்து ஆண்டுகளாக உறையை விட்டு வெளியே வரவில்லை. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் குறைந்தது. "கடன் கேட்பதைவிட இதைக் கொடுத்துவிடலாம் தம்பி" என்றார் அண்ணி. பேத்தி ஓர் இணைய ஏலத் தளத்தில் படம் போட்டாள். விவரம் எழுதித் தந்தவன் நான்.

ஞாயிறு இரவு ஏலம் 41,000 ரூபாயில் முடிந்தது. வீட்டில் பாயசம். திங்கட்கிழமை அழைத்தால் அந்த அன்பரின் கைபேசி அணைந்திருந்தது. செவ்வாயும் அப்படியே. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த புதன்கிழமை. "இவர் வீணையை இப்படி ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே" என்று அண்ணி கண் கலங்கினார். பேத்தியோ, "அந்த ஆளைப் பற்றி நாலு வார்த்தை எழுதுகிறேன் தாத்தா" என்று கிளம்பிவிட்டாள்.

தவறு என்னுடையதும்கூட. ரயில்வே டிப்போவில் பழைய தண்டவாளத்தையும் இரும்புக் கழிவையும் ஏலம் விட்ட நாட்களில், சுத்தியல் விழுந்ததும் முன்பணம் கட்டியாக வேண்டும். இப்போது அந்த ஏலங்கள் ரயில்வேயின் இணையதளத்தில் நடக்கின்றன. அங்கும் முன்பணம் உண்டு. ஆயுள் முழுவதும் அதைப் பார்த்த நான், வீணைக்கு விவரம் எழுதும்போது முன்பணத்தைப் பற்றியோ எத்தனை நாளில் பணம் வரவேண்டும் என்பதைப் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை!

அடுத்த நபருக்கு உடனே கொடுத்துவிடலாமா? அங்கேதான் நிதானம் வேண்டும். நமது சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்ததாக அறிவித்ததும் விற்பனை முடிந்தது. அதுவரைதான் கேட்டவர் பின்வாங்கலாம். பணம் வராவிட்டால் என்ன செய்யலாம் என்பதை 54-ஆம் பிரிவு சொல்கிறது. "மறுபடி விற்கப் போகிறேன்" என்று விற்பவர் அறிவிப்புக் கொடுத்து, நியாயமான கால அவகாசத்துக்குப் பிறகும் பணம் வராவிட்டால், பொருளை வேறொருவருக்கு விற்கலாம். நஷ்டத்தை முதல் ஆளிடம் கேட்கவும் செய்யலாம். அறிவிப்பே இல்லாமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது. கூடுதல் விலை கிடைத்தாலும் அந்த லாபம் முதலில் எடுத்தவருக்கே சேரும். ஒரு சின்னக் கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு, பாருங்கள்! இத்துடன் அந்தந்தத் தளத்தின் விதிகளையும் படித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ஏலங்களில் விதி இன்னும் கடுமை. கடனுக்காக வங்கிகள் ஏலம் விடும் வீடு, நிலத்தை எடுத்தவர், அன்றோ அடுத்த வேலை நாளிலோ கால் பங்கைக் கட்ட வேண்டும். மீதியைக் கட்டத் தவறினால் கட்டியது போய்விடும். சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கில், 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் கால் பங்கு கட்டி மீதியைக் கட்டவில்லை. மறு ஏலத்தில் வங்கிக்குக் கூடுதல் விலையே கிடைத்தது. அப்படியும் அந்தக் கால் பங்கு முழுவதையும் வங்கி வைத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பயன்படுத்தும் ஈபே தளத்திலோ, நான்கு நாளில் பணம் வராவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம். அடுத்தபடி கேட்டவருக்கு வாய்ப்புத் தரவும் அங்கே வழி உண்டு.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம். புதன் மாலை, தளத்தின் செய்திப் பெட்டி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி மூன்றிலும் ஒரே வாசகத்தை அனுப்பினோம்: "தங்களை அழைத்தோம், கிடைக்கவில்லை. நலம்தானே? சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் பணமோ பதிலோ வராவிட்டால் வீணையை வேறொருவருக்கு விற்க இருக்கிறோம்." கோபமாக ஒரு சொல் இல்லை. நகலைப் பத்திரப்படுத்தினோம்.

சனி இரவு, இரண்டாவதாகக் கேட்டிருந்த மைசூர் இசை ஆசிரியையை அழைத்தோம். அவர் கேட்ட 38,500 ரூபாய்தான் விலை என்றோம். 41,000 கேட்பது முறையல்ல. ஏற்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. திங்களன்று பணம் அனுப்பினார். அவர் அனுப்பிய ரசீதுப் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே வீணை வண்டி ஏறியது. புதனன்று கட்டணம் கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை அந்த முதல் அன்பர் அழைத்தார். ஏலம் முடிந்த இரவே அவர் தந்தைக்கு மாரடைப்பு. பன்னிரண்டு நாளும் மருத்துவமனையில். மோசடிக்காரர் என்று நான் மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தேன். அண்ணி தொலைபேசியை வாங்கி, "அப்பா இப்போது சாப்பிடுகிறாரா?" என்றுதான் முதலில் கேட்டார். பேத்தி என்னைப் பார்த்தாள். நல்ல வேளை, நாலு வார்த்தை எழுதவில்லை.

எல்லோரும் இவரைப் போல இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே விலகுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஏலத்துக்கு முன் முன்பணமும் கெடுவும் எழுதுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் தேதி போட்ட, மரியாதையான அறிவிப்பை அனுப்புங்கள். கெடு முடியும் வரை பொருளைக் கைவிடாதீர்கள். முடிந்த பின் தயங்காதீர்கள். 2,500 ரூபாய் குறைந்ததில் அண்ணிக்கு வருத்தமில்லை. மைசூரில் அந்த வீணையில் இப்போது பிள்ளைகள் சரளி வரிசை வாசிக்கிறார்களாம்.