பழைய இசைக்கருவிகளை இணையத்தில் விற்கும்போது

வகுப்பு நின்றுபோனபின் பெட்டிக்குள் கிடக்கும் வயலின், அரங்கேற்றம் முடித்து உயர்கல்விக்குச் சென்ற பிள்ளையின் மிருதங்கம், பெரியதொன்று வாங்கியதால் ஓரமாகிவிட்ட கீபோர்ட் எனப் பல இல்லங்களில் இசைக்கருவிகள் பயன்பாடின்றி இருக்கின்றன. இணையத்தில் விளம்பரம் செய்தால் அவை நல்ல கைகளுக்குச் சென்று சேரலாம். அதே விளம்பரம் மோசடிக்காரரின் கண்ணிலும் படும்.

உண்மையாக வாங்க விரும்புபவர் கருவியைப் பற்றியே முதலில் கேட்பார். மிருதங்கம் எந்தச் சுருதிக்குச் சேரும், வலந்தலை எப்போது மாற்றப்பட்டது, கீபோர்டில் ஒலிக்காத கட்டைகள் உண்டா என்றெல்லாம் வினவுவார். விலையைக் குறைக்கவும் முயல்வார். இவை எதுவுமின்றி, கருவியைப் பார்க்காமலே கேட்ட விலைக்கு இணங்கி, "உறவினர் வந்து எடுத்துச் செல்வார், பணத்தை இப்போதே பேஐடியில் அனுப்புகிறேன்" என்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை.

பேஐடி என்பது ஆஸ்திரேலிய வங்கிகள் வழங்கும் வசதி. கணக்கு எண்ணுக்குப் பதிலாகத் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ கொண்டு பணம் பெறலாம். வசதியில் குறையில்லை, அதன் பெயரே தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. விற்பவரின் மின்னஞ்சல் முகவரியைப் பெற்றுக்கொள்ளும் மோசடிக்காரர், பேஐடியே அனுப்பியதுபோன்ற போலி மடலொன்றை அனுப்புவார். கணக்கை வணிகக் கணக்காகத் தரமுயர்த்த வேண்டும் என்றும், அதற்காக வாங்குபவர் கூடுதலாகச் சில நூறு டாலர்கள் செலுத்திவிட்டார் என்றும், அதைத் திருப்பி அனுப்பினால் முழுத்தொகையும் விடுவிக்கப்படும் என்றும் அதில் இருக்கும். உண்மையில் ஒரு டாலரும் வந்திராது. விற்பவர் "திருப்பி" அனுப்புவது தமது சொந்தப் பணத்தையே. பேஐடி எவருக்கும் நேரடியாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புவதில்லை. பணம் பெறுவதற்காகக் கணக்கைத் தரமுயர்த்தும் தேவையும் கிடையாது.

பணம் செலுத்தியதாகக் காட்டப்படும் திரைப்படம் சான்றாகாது. அதை எவரும் போலியாக உருவாக்கலாம். விற்பவர் தமது வங்கிச் செயலியைத் தாமே திறந்து, தொகை கணக்கில் சேர்ந்திருப்பதைக் கண்டபின்னரே கருவியைக் கையளிக்க வேண்டும். புதிய ஒருவருக்குச் செலுத்தும் முதல் தொகையை வங்கி சிலவேளை தாமதப்படுத்துவதுண்டு. அவ்வாறானால் கருவியும் காத்திருக்கட்டும். அவசரப்படுத்துபவருக்காக இரங்க வேண்டியதில்லை.

சந்திப்பதற்குப் பகல்வேளையும், ஆள்நடமாட்டமுள்ள வணிக வளாகம் போன்ற இடமும் ஏற்றவை. கீபோர்டையும் ஒலிபெருக்கியையும் இயக்கிக் காட்ட மின்சாரம் தேவைப்படும் என்பதால் வீட்டுக்கு அழைக்கத் தோன்றும். அப்போது மற்றொருவர் உடனிருப்பதும், கருவியை வாசலருகே வைத்துக் காட்டுவதும் நல்லது. தொடர் எண்ணையும் கருவியின் நிலையையும் முன்னதாகவே படமெடுத்து வைத்தால், பின்னர் தகராறு எழும்போது உதவும். ஓட்டுநர் உரிமத்தின் படத்தையோ, கைபேசிக்கு வரும் சரிபார்ப்புக் குறியீட்டையோ எவருக்கும் கொடுக்கலாகாது.

பணம் பறிபோயிருந்தால் முதலில் வங்கியை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். பின்னர் ரிப்போர்ட்சைபர் இணையத்தளத்தில் காவல்துறைக்கு முறையிடலாம். ஸ்கேம்வாட்ச் தளத்திலும் அறிவிக்கலாம். அடையாள ஆவணங்கள் பிறர் கைக்குச் சென்றிருந்தால் ஐடிகேர் அமைப்பை 1800 595 160 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தெனில் 000. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.