பால் தரும் மாட்டில் மறைந்திருக்கும் காசநோய்

"மாடு நன்றாகத்தானே தீனி எடுக்கிறது, பாலும் குறையவில்லை, இதற்குப் போய் காசநோய் சோதனை எதற்கு?" என்று கறவை மாடு வளர்ப்போர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கோமாரி கண்டால் மாடு வாயிலும் குளம்பிலும் உடனே காட்டிவிடும். காசநோய் அப்படிப்பட்டதன்று. நோய் தொற்றிய மாடு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நல்ல மாடு போலவே தோன்றும். இதற்குக் காரணம் அந்தக் கிருமியின் தன்மை. அதை அறிந்துகொண்டால் சோதனையின் அவசியமும் விளங்கும்.

மாட்டுக் கிருமியும் மனிதக் கிருமியும்

மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோச் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். மாடுகளில் இந்நோயை உண்டாக்கும் முக்கியமான கிருமி அதன் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் போவிஸ். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை 1898-ல் அமெரிக்க அறிஞர் தியோபால்டு ஸ்மித் எடுத்துக்காட்டினார். எனினும் இவற்றின் மரபுப் பொருள் 99.95 சதவீதம் ஒன்றாகவே இருப்பது 2003-ல் தெரியவந்தது.

மாட்டுக் கிருமியால் மனிதருக்கு அதிக ஆபத்து இல்லை என்று 1901-ல் கோச் கூறினார். அதை ஆராய பிரிட்டனில் அமைக்கப்பட்ட குழு, 1911-ல் தந்த இறுதி அறிக்கையில் அக்கருத்தை மறுத்தது. மாட்டின் பால் வழியாக மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, இந்நோய் வரும் என்பது உறுதியாயிற்று.

வீரியம் எதில் உள்ளது?

ரண ஜன்னிக் கிருமி கடும் நஞ்சைச் சுரந்து உயிரை வாங்குகிறது. காசநோய்க் கிருமியின் வலிமை அத்தகைய நஞ்சில் இல்லை. அது விரைந்து பெருகுவதும் இல்லை. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கோ 15 முதல் 20 மணி நேரம் ஆகிறது.

அதன் முதல் பலம் மேலுறை. மைக்காலிக் அமிலம் எனப்படும் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் நிறைந்த உறை அது. பல மருந்துகளும் உடலின் செரிமானப் பொருள்களும் இதனுள் எளிதில் புக முடிவதில்லை.

இரண்டாவது பலம் ஒளிந்து வாழும் திறமை. உடலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே சில காவல் அணுக்கள் உள்ளன. அவை காசநோய்க் கிருமியையும் விழுங்குகின்றன. ஆனால் விழுங்கிய கிருமி இருக்கும் பையும் செரிமானப் பொருள்கள் உள்ள பையும் ஒன்றுசேராதபடி கிருமி தடுத்துவிடுகிறது. பின்னர் சில புரதங்களைச் சுரந்து பையைத் துளைத்து வெளியேறவும் செய்கிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியேறிய கதைதான். உடல் வேறு வழியின்றி அந்த இடத்தைச் சுற்றிக் கட்டி எழுப்பி அடைத்து வைக்கிறது. கட்டி உடையும் வரை வெளியே எதுவும் தெரிவதில்லை.

மாட்டிலிருந்து வந்த தடுப்பூசி

இதற்கு நல்ல சான்று நம் குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி. பிரான்சில் கால்மெட் என்ற மருத்துவரும் கெரென் என்ற கால்நடை மருத்துவரும் மாட்டுக் கிருமியை எடுத்து, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தனர். 1908 முதல் 1921 வரை 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்ததில் கிருமி வீரியம் இழந்தது. அது இழந்தது என்ன என்பது 1990-களில் தெரிந்தது. ஒன்பது மரபணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டு அதில் இல்லை. மேலே சொன்ன துளைக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் அத்துண்டில்தான் உள்ளன. 2002-ல் அத்துண்டை மீண்டும் சேர்த்தபோது வீரியம் ஓரளவு திரும்பியது.

சோதனை

சுமார் 0.1 மில்லி டியூபர்குலின் மருந்தை மாட்டின் கழுத்துத் தோலில் போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தோலின் தடிப்பை அளப்பர். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் நோய் தொற்றியதாகக் கருதுவர். ஐயம் இருந்தால் ஒப்பீட்டுச் சோதனையும் செய்வர். கன்று ஈன்ற சில வாரங்களிலும், நோய் மிக முற்றிய நிலையிலும் தோல் தடிக்காமல் போகலாம். நாட்டு மாடுகளைவிட அயல் இன, கலப்பின மாடுகளில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதால் அவற்றை வைத்திருப்போர் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நாள்பட்ட இருமல், மெலிவு, நெறி கட்டுதல் ஆகியவை தெரியும் வரை காத்திருந்தால், அதற்குள் நோய் தொழுவம் முழுவதும் பரவியிருக்கும்.

செய்ய வேண்டியவை

புதிதாக மாடு வாங்கினால் சோதனை முடியும் வரை தனியே கட்டி வைக்க வேண்டும். நோய் உறுதியான மாட்டைப் பிரித்து, தனித் தொட்டியில் தீனியும் தண்ணீரும் தர வேண்டும். அதன் பாலைக் கன்றுக்கு ஊட்டக் கூடாது. கால்நடை மருத்துவரின் யோசனைப்படியே மேற்கொண்டு நடக்க வேண்டும். தொழுவத்தில் வெயிலும் காற்றும் தாராளமாகப் புக வேண்டும். இருளும் ஈரமும் இக்கிருமிக்கு வசதியானவை.

காசநோய் உள்ளவர் மாட்டைப் பராமரித்தால் அவரிடமிருந்து மாட்டுக்கும் நோய் தொற்றலாம். அதே போல், மாடு வளர்ப்பவருக்குக் காசநோய் வந்தால் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வழக்கமான மருந்துகளுள் ஒன்றான பைராசினமைடு மாட்டுக் கிருமியிடம் பலிக்காது.

கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பது உடலுக்கு நல்லது என்று சிலர் நம்புகின்றனர். அவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் இக்கிருமி இறந்துவிடும். மெழுகுறை அதைக் காக்காது.

கடைசியாக ஒன்று. சோதனையில் நோய் என்று தெரிந்ததும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்பவர்களும் உண்டு. கடன் வாங்கிய பணம் வீணாகுமே என்ற அவர்களது கவலை புரிகிறது. ஆனால் அந்த மாட்டை வாங்குபவரும் கடன் வாங்கித்தான் வாங்குவார். அவர் வீட்டிலும் பால் குடிக்கும் குழந்தை இருக்கும். ஒளிந்து வாழ்வதே இக்கிருமியின் பலம். அதை நாமும் சேர்ந்து ஒளித்து வைக்கக் கூடாது.