பாட்டை மாற்றினார்கள்... முதலிடம் வந்தது! லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பானிஷ் எஃப்.எம். கதை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 97.9 எஃப்.எம். அலைவரிசையில் ஒலித்துக்கொண்டிருந்தது மென்மையான ஸ்பானிஷ் காதல் பாட்டுதான். 1992-ல் நிர்வாகம் திடீரென ரூட்டை மாற்றியது.

என்ன மாற்றம்?

கே.எல்.ஏ.எக்ஸ். என்ற புதுப் பெயர். பாட்டு, மெக்ஸிகோ கிராமங்களின் 'ரஞ்செரா'வும் 'பண்டா'வும். பண்டா என்பது சினலோவா மாநிலத்தில் புகழ்பெற்ற பித்தளை வாத்திய இசை. திருவிழா, கல்யாணம் என்றால் அங்கே அதுதான்.

ஏன் எடுபட்டது?

ஹோட்டல் கிச்சன், தோட்டம், கட்டட வேலை என நகரத்தையே தாங்கியவர்களில் பலர் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சொந்த ஊர்ப் பாட்டும், அவர்கள் பேசுகிற மாதிரியே பேசும் ஆர்.ஜே.க்களும் கிடைத்தால் விடுவார்களா? சில மாதங்களிலேயே, ஆர்பிட்ரான் நிறுவனத்தின் கணக்கெடுப்பில் ஆங்கில ஸ்டேஷன்களையும் முந்தி நம்பர் 1. இத்தனை பேர் ஸ்பானிஷ் ரேடியோ கேட்கிறார்கள் என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெறும் பாட்டு மட்டும்தானா?

இல்லை. ஆவணமில்லாமல் குடியேறியவர்களைக் குற்றவாளிகளாக்கும் மசோதா 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. கே.எல்.ஏ.எக்ஸ். காலை நிகழ்ச்சி நடத்திய 'எல் குக்குய்', போட்டி ஸ்டேஷனின் 'பியோலின்' ஆகியோர் போட்டியை ஓரங்கட்டிவிட்டு மக்களை ஊர்வலத்துக்கு அழைத்தார்கள். 2006 மார்ச் 25-ம் தேதி லட்சக்கணக்கானோர் தெருவில் திரண்டனர். அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.