முட்டையிலேயே கிள்ளும் குளவி

நெல்லில் குருத்துப் பூச்சியின் தாய் அந்து, இலை நுனியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடலின் பழுப்பு ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். பொரிந்த புழு தண்டுக்குள் நுழைந்துவிட்டால் எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் நேரத்தில் மணி பிடிக்காத வெண்கதிர் நிற்கும். ஆகவே இந்தப் பூச்சியை மடக்க ஏற்ற பருவம் முட்டைதான்.

டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற ஒட்டுண்ணிக் குளவி அதைத்தான் செய்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு, மனிதரைக் கொட்டாது. பெண் குளவி ரோமப் போர்வைக்குள் துழாவி, அந்தின் முட்டையைத் துளைத்து, உள்ளே தன் முட்டையை வைக்கும். அதில் பிறக்கும் குளவிப் புழு, உள்ளே இருப்பதைத் தின்றே வளரும். சில நாளில் முட்டை கறுத்துப்போகும். பிறகு அதை ஓட்டையிட்டு வெளிவருவது குருத்துப் புழு அல்ல, இன்னொரு குளவி. டெட்ராஸ்டிகஸ் என்ற உறவுக்காரக் குளவியின் புழு இன்னும் தீவிரம்: ஒரு முட்டை போதாமல் அடுத்தடுத்த முட்டைகளையும் தின்னும்.

அரிசி அந்தின் முட்டைகளில் டிரைக்கோகிரம்மாவை வளர்த்து, அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: ஹெக்டேருக்கு 5 சி.சி. முட்டை, அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் குளவிகள், நட்ட 30, 37 ஆம் நாள்களில். இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். 37, 44, 51 ஆம் நாள்களில்.

வருத்தம் என்னவென்றால், இலைச்சுருட்டுப் புழு சுரண்டிய நாலு வெள்ளைக் கோடு இலையில் தெரிந்ததும் பலர் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள். வளரும் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிவிடும். மருந்தில் செத்த குளவியை யார் ஈடுகட்டுவது? புகையான் என்ற தத்துப்பூச்சி பெருகியதற்கு மருந்தே காரணம் என்று உணர்ந்த இந்தோனேசியா, 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

குளவிக்குத் தேனும் வேண்டும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரப்பில் பூச்செடி வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது: மருந்துச் செலவு பெரிதும் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது. வரப்பை மொட்டையாகச் செதுக்கிப் போடாமல் எள்ளோ உளுந்தோ விதையுங்கள். அட்டை கட்டிய வயலில் தெளிப்பானை இறக்காதீர்கள்.